இரண்டு காயில் டாங்கை ஒற்றைக் காயிலுக்கு மாற்றிய மூன்று வாரங்கள்

2025 நவம்பர் 8, சனிக்கிழமை, கோவென்ட்ரி

சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் இடத்தில் வந்து அமர்ந்த வேப் என்னும் மின்சிகரெட் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. என்னிடம் இருப்பது 25 மி.மீ. விட்டமுள்ள, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலை நாமே சுற்றி, அதற்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் திரியாகப் பஞ்சையும் நாமே வைத்துக்கொள்ளும் வகை டாங்க், அதாவது வேப் திரவத்தை ஊற்றும் கலம். அதன் தளத்தில் இரண்டு காயில்களுக்கு இடம் உண்டு. இரண்டும் 40 வாட்டில் சேர்ந்து எரியும்போது, 2016-ஆம் ஆண்டின் பிரிட்டன் விதிகள் அனுமதிக்கும் 2 மி.லி. கொள்ளளவு காலை வேலை முடிவதற்குள் காலியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வேப் திரவத்தின் மீது 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு தீர்வை வரப்போகிறது, நிகோட்டின் இல்லாத திரவத்துக்கும் அதே விகிதந்தான். நான் வாங்கும் 100 மி.லி. புட்டிக்கு 22 பவுண்டு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றே ஒரு காயிலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒற்றைக் காயில் டாங்க் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பட்டறையில் வேலை செய்பவனுக்கு, கையில் இருக்கும் நல்ல பொருளை ஒதுக்கிவிட்டு இன்னொன்று வாங்குவது தோல்வியைப் போலத் தோன்றும்.

மின் கணக்கு எளிது. காயில் சுற்றும் 26 கேஜ் (சுமார் 0.4 மி.மீ. தடிமன்) காந்தல் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 11.3 ஓம், 3 மி.மீ. கம்பியாணியின் மீது ஆறு சுற்றுச் சுற்றினால், கால்களையும் சேர்த்து 74 மி.மீ. நீளம் செல்கிறது, மின்தடை 0.84 ஓம் வருகிறது. இணையாகப் பொருத்திய இரண்டு காயில்களுக்கு அது 0.42 ஓம். இரண்டு காயில்களுக்கு 40 வாட் கொடுத்தாலும், ஒன்றுக்கு 20 வாட் கொடுத்தாலும், மின்னழுத்தம் ஏறத்தாழ 4.1 வோல்ட்டாகவே இருக்கும். காயிலுக்குத் தன் ஜோடி போனதே தெரியாது. மின்னோட்டம் மட்டும் 9.8 ஆம்பியரிலிருந்து 4.9 ஆம்பியராகப் பாதியாகும்.

2025 நவம்பர் 9, ஞாயிறு

கணக்குப் போட்டவனே அதை மறந்தேன். ஒரு காயிலைக் கழற்றிய பிறகும், டாங்குக்கு மின்சாரம் தரும் மின்கலப் பெட்டி 40 வாட்டிலேயே இருந்தது. இரண்டாவது இழுப்பிலேயே பஞ்சு கருகித் தொண்டை எரிந்தது. சுவீடன் நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயரான ‘காந்தல்’ என்ற சொல்லுக்கு, சோற்றுப் பானையின் அடியில் பிடித்த கருகலைச் சொல்லும் தமிழ்ப் பொருளும் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சை மாற்றி, 20 வாட்டில் வைத்துத் தொடங்கியதும் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. இத்தகைய டாங்கில் திரவம் கீழே வழியாமல் இருப்பதற்குக் காரணம், மூடிய டாங்கின் மேற்பகுதியில் காற்றழுத்தம் சற்றுக் குறைந்திருப்பதுதான். திரியின் வால், திரவம் காயிலுக்கு வரும் வழியான திரவத்துளையை நிறைத்து நிற்கும் வரை, காயில் எவ்வளவு திரவத்தை ஆவியாக்குகிறதோ அந்த அளவுக்கே காற்றுக் குமிழிகள் பஞ்சின் வழியே மேலே ஏறும். ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு திரவத்துளைகள் உள்ளன. ஒரு காயிலை எடுத்தால் இரண்டு துளைகள் வெறுமையாகின்றன, அவற்றின் வழியே காற்று தடையின்றி உள்ளே நுழைகிறது, திரவம் முழுவதும் தளத்தில் இறங்கிக் காற்றுத்துளை வழியே வெளியே கொட்டுகிறது. பலரும் செய்வதைப் போல அந்த இரண்டு துளைகளிலும் பஞ்சைத் திணித்து, டாங்கை எடை பார்த்துவிட்டு இரவு முழுவதும் காகிதத் துண்டின் மேல் நிறுத்தினேன். காலையில் 0.38 கிராம் குறைந்திருந்தது.

2025 நவம்பர் 12, புதன்

இன்று சட்டைப்பை நனைந்தது. வெளியே 5 டிகிரி குளிர், உள்ளே 22 டிகிரி. உள்ளே வந்ததும் டாங்கில் இருந்த காற்று ஏறத்தாழ 6 சதவீதம் விரிந்திருக்கும்; அரை டாங்க் காற்று என்றாலும் ஓரிரண்டு சொட்டை வெளியே தள்ள அது போதும். உழைக்கும் திரி அந்தச் சொட்டை ஏந்திக்கொள்ளும், அடுத்த இழுப்பில் அது ஆவியாகிவிடும். சும்மா நிற்கும் பஞ்சோ ஏற்கெனவே ஊறிப்போய் நிற்கிறது. ஆகவே இது பஞ்சால் தீராது, தக்கைதான் வேண்டும்.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை

வெர்னியர் கேலிபரால் அளந்தேன். திரவத்துளை 4 மி.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் கொண்டது, இரு முனைகளும் வளைந்தவை. முதலில் சிலிக்கோன் போதும் என்று நினைத்து, சமையலறையில் கிடந்த பழைய பேக்கிங் விரிப்பின் ஓரத்தை வெட்டினேன். வெட்டிய விளிம்பில் மினுமினுவென்று நூலிழைகள் தெரிந்தன. அந்த விரிப்புகளின் நடுவில் கண்ணாடியிழை வலை இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. மூச்சுக்குழாய்க்குள் போகும் காற்றின் பாதையில் அதை வைப்பதற்கில்லை. விரிப்பு, துண்டுகள், மேசையைத் துடைத்த துணி எல்லாம் குப்பைக்குப் போயின.

பிறகு, வலையில்லாத கேக் அச்சு ஒன்றிலிருந்து இரண்டு தக்கைகளை வெட்டி, துளையை விட அரை மி.மீ. பெரிதாக விட்டு அழுத்திப் பொருத்தினேன். கசிவு நின்றது. இரவுச் சோதனையில் 0.04 கிராம் மட்டுமே குறைந்தது.

2025 நவம்பர் 16, ஞாயிறு

கசிவு நின்ற மகிழ்ச்சி ஒரு நாள்தான். புகை மெலிந்திருக்கிறது, சுவை நீர்த்திருக்கிறது, காயில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிறது. காலை முழுவதும் பஞ்சின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டுப் பிற்பகலில்தான் காரணத்தைக் கண்டேன். ஒவ்வொரு காயிலுக்கும் அடியில் தனிக் காற்றுத்துளை இருக்கிறது. வெளியே இருக்கும் வளையமோ இரண்டையும் ஒன்றாகத்தான் திறக்கும், ஒன்றாகத்தான் மூடும். நான் இழுக்கும் காற்றில் பாதி, காயில் இல்லாத பக்கத்தில் எதையும் தொடாமல் வந்து கலக்கிறது; மீதிப் பாதிதான் காயிலைக் குளிர்விக்கிறது. திரவத்தின் கதவை அடைத்துவிட்டுக் காற்றின் கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன். எனக்கு வேண்டியவை இரண்டு தக்கைகள் அல்ல, மூன்று.

இதற்கிடையே சிலிக்கோனில் புதினா வாசனை ஏறிவிட்டது, கொதிநீரில் போட்டாலும் போகவில்லை.

2025 நவம்பர் 22, சனிக்கிழமை

பட்டறையில் பீக் (PEEK) என்னும் வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கின் 5 மி.மீ. தண்டில் ஒரு வெட்டுமிச்சம் கிடைத்தது. பல டாங்குகளில் நேர்முனையைத் தனிப்படுத்தும் வளையம் இதே பிளாஸ்டிக்தான். 250 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும், 343 டிகிரியில்தான் உருகும். அருகில் அசிட்டால் என்னும் இன்னொரு பிளாஸ்டிக்கின் தண்டும் கிடந்தது, அறுக்கவும் எளிது, ஆனால் அது 170 டிகிரியை ஒட்டி உருகிவிடும், சிதைந்தால் ஃபார்மால்டிஹைடைக் கக்கும். காயிலுக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. துருப்பிடிக்காத எஃகும் மனத்தில் இருந்தது. அது சற்று நகர்ந்து, காயிலின் கால்களைத் திருகிப் பிடிக்கும் இரண்டு கம்பத்தையும் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும் என்பதால் கைவிட்டேன்.

ஊசி அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் முடித்தேன். பீக் சிலிக்கோனைப் போல வளைந்து கொடுக்காது, 0.1 மி.மீ. மிகுந்தால் உள்ளே போகாது, அவ்வளவே குறைந்தால் கசியும். முதல் மூன்று தக்கைகள் வீணாயின. நான்காவதை மெல்லச் சரிவாகத் தேய்த்து, ஆப்பைப் போல இறங்கும்படி செய்தேன். கையாலேயே அழுத்த முடிந்தது, கவிழ்த்துத் தட்டியபோதும் விழவில்லை. காற்றுத்துளைக்கான தக்கைக்கு மேலே சிறு தலை விட்டிருக்கிறேன். அது கீழே நழுவாது, இடுக்கியால் பிடித்து எடுக்கவும் வசதி.

2025 நவம்பர் 23, ஞாயிறு

புதுக் காயிலைப் பொருத்தியபின், சில இடங்கள் மட்டும் மிகுந்து சூடாவது தீர, அதைச் செந்தணலாக எரித்துப் பார்ப்பது வழக்கம். கம்பி சிவப்பது 500 டிகிரிக்கு மேல்தான். ஆகவே அதற்கு முன் மூன்று தக்கைகளையும் கழற்றிவிடுவது என்று விதி வைத்துக்கொண்டேன். கம்பங்களில் பயன்படாத இரண்டு திருகுகளையும் கழற்றினேன், தளர்ந்து தளத்தில் விழும் திருகும் குறுக்குச்சுற்றுக்கு வழிதான். இரவுச் சோதனையில் 0.01 கிராம் குறைந்தது. என் தராசு காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு அது.

2025 நவம்பர் 30, ஞாயிறு

ஒரு வாரத்துக்கு 31 மி.லி. செலவாயிற்று, முன்பு 55 மி.லி.க்குக் குறையாது. சரிபாதி ஆகவில்லை, புகை குறைந்ததால் கை அடிக்கடி பெட்டியைத் தேடுகிறது போலும். மின்கலம் ஒரு நாள் முழுவதும் தாங்குகிறது.

ஜனவரியில் ஊருக்குப் போகிறேன். இந்தியாவில் 2019-லேயே இவை தடை செய்யப்பட்டுவிட்டதால் டாங்க் இங்கேயே மேசை இழுப்பறையில் இருக்கும். இன்னும் ஒரே குறை, வளையத்தைப் பாதிக்கு மூடினால் மெல்லிய விசில் கேட்கிறது. காற்றுத் தக்கையின் தலை விளிம்பு கூராக நிற்கிறது; நாளை உப்புத்தாளை எடுத்து அதை மழுங்கச் செய்ய வேண்டும்.