பக்க எண், வரி எண், காரணம்: ஒரு காலநிலை அறிக்கை வரைவை மதிப்பாய்வு செய்த அனுபவம்

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் (ஐ.பி.சி.சி.) ஆறாவது மதிப்பீட்டில், இயற்பியல் அறிவியலைக் கையாளும் முதல் பணிக்குழு அறிக்கையின் இரண்டாம் வரைவு 2020 மார்ச் 2 அன்று மதிப்பாய்வுக்கு வந்தபோது, நானும் வல்லுநர் மதிப்பாய்வாளராகப் பதிவு செய்துகொண்டேன். இதற்கு அழைப்பு தேவையில்லை. தமது துறை அறிவைத் தாமே அறிவித்துப் பதியலாம். வரைவை மேற்கோள் காட்டுவதில்லை, பிறருக்குத் தருவதில்லை என்று ஒப்புக்கொண்ட பின்னரே கோப்புகள் கிடைத்தன. பெருந்தொற்றை முன்னிட்டு இறுதி நாள் ஜூன் 5 வரை தள்ளிவைக்கப்பட்டது.

கருத்துகளை எக்செல் படிவத்தில், பக்க எண்ணும் வரி எண்ணும் குறித்து எழுத வேண்டும். தொடக்கத்தில் நான் எழுதியவற்றுள் பல, 'இப்பகுதி தெளிவாக இல்லை' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு கருத்துக்கும் ஆசிரியர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். அறிக்கை வெளியான பின் கருத்தும் பதிலும் பொதுவில் வைக்கப்படும். எந்தச் சொல், ஏன் பொருந்தவில்லை, மாற்றாக என்ன எழுதலாம், அதற்கு எந்த ஆய்வு சான்று என்று சொல்லாத கருத்துக்கு அவர்கள் என்ன பதில் எழுத முடியும்?

எதிர்கால வெப்பநிலை பற்றிய பகுதிகளில்தான் அதிக நாட்கள் செலவாயின. ஒரு வெப்ப உயர்வு எண்ணைக் கண்டால், அது 1850–1900 சராசரியிலிருந்து அளந்ததா, 1995–2014 சராசரியிலிருந்து அளந்ததா என்று முதலில் பார்த்தேன். இவ்விரு அடிப்படைகளுக்கும் இடையே ஏறத்தாழ 0.85 டிகிரி செல்சியஸ் வேறுபாடு உள்ளதால், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். அடுத்து, எந்த உமிழ்வுப் பாதைக்கு (வருங்காலத்தில் பசுங்குடில் வாயுக்கள் எவ்வளவு வெளியேறும் என்ற அனுமானத்துக்கு) உரிய எண் அது என்பதைத் தேடினேன். 'இப்படி உமிழ்ந்தால் இவ்வளவு உயரும்' என்ற நிபந்தனைக் கூற்றில் நிபந்தனை விடுபட்டால், படிப்பவர் அதை உறுதியான முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்வார். நிகழ்தகவுச் சொற்களையும் அப்படியே சரிபார்த்தேன். இவ்வறிக்கைகளில் 'நிகழ வாய்ப்புண்டு' என்பதற்குக் குறைந்தது 66 விழுக்காடு என்ற வரையறை உண்டு.

என் கருத்துகளில் ஒன்று நிராகரிக்கப்பட்டது. கணினி மாதிரிகள் காட்டிய வெப்ப உயர்வின் வீச்சைவிட (குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் உள்ள இடைவெளியைவிட) ஆசிரியர்கள் மதிப்பிட்ட வீச்சு குறுகியிருப்பது பிழை என்று எழுதியிருந்தேன். சில புதிய மாதிரிகள் மிகையாக வெப்பமடைவதால், உண்மையில் அளந்த வெப்ப உயர்வையும் காலநிலை உணர்திறன் (காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு உயரும் என்ற அளவு) பற்றிய பிற சான்றுகளையும் சேர்த்தே வீச்சு மதிப்பிடப்பட்டது என்பது பதில். அந்த விளக்கம் சரியானது. அது எழுத்தில் கிடைத்ததை இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

பதில்கள் முறையாக உள்ளனவா என்று பார்ப்பதற்கென்றே ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் மதிப்பாய்வுப் பதிப்பாசிரியர்கள் உண்டு. இந்த முறையின் மிக முக்கியமான கண்ணி அவர்களே என்பது என் கருத்து. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்ற தவறான கூற்று 2007 அறிக்கையில் இடம்பெற்றதற்கு, அதைக் கேள்விக்கு உட்படுத்திய மதிப்பாய்வுக் கருத்துகளைக் கவனமாகப் பரிசீலிக்காததும் ஒரு காரணம். 2010-இல் அதை ஆராய்ந்த அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு, இப்பதிப்பாசிரியர்களின் பொறுப்பை வலுப்படுத்தப் பரிந்துரைத்தது.

2021 ஆகஸ்ட் 9 அன்று அறிக்கை வெளியானது. அதன் வரைவுகளுக்கு வந்த கருத்துகள் மொத்தம் 78,007. அந்த நீண்ட பட்டியலில் என் வரிகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் இருந்த பதிலை இறுதி வாசகத்தோடு ஒப்பிட்டுப் படித்தேன்.