முடிவுரையை அடித்துவிடுங்கள்

முப்பது வருஷம் வகுப்பெடுத்த ஆசிரியருக்குக் கட்டுரை எழுத வராதா? வரும். ஆனால் பத்தாம் வகுப்புக் கட்டுரையாக வரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள். பிள்ளைகளின் விடைத்தாளில் இவற்றைத் தேடித்தேடி மதிப்பெண் போட்ட கை, சொந்த அனுபவத்தையும் அப்படித்தான் எழுதப் பார்க்கும்.

எழுதி முடித்ததும் முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது. கடைசிப் பத்திக்கும் இதே வைத்தியம். உ.வே.சா. மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றது 1919இல். அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது 1940இல், 85ஐ எட்டும் வயதில். 1942இல் அவர் மறைந்தபோது அது முடியவில்லை. முடிவுரை இல்லையே என்று யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை.

அடுத்த சிக்கல் தலைப்பு. ‘என் ஆசிரியப் பணி’ என்று தொடங்கினால் சேர்ந்த தேதி, மாறுதல், பதவி உயர்வு என்று பணிப்பதிவேட்டின் நகல்தான் கிடைக்கும். ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். கரும்பலகை போதும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பலகைக்குப் பூசிய பள்ளியா உங்களுடையது? இலை பறிக்கப் போனது யார்? எந்த வேலியில்? அரைத்த பிள்ளையின் கை எப்படி இருந்தது? காய்வதற்குள் யார் விரலை வைத்தார்கள்? இதையெல்லாம் எழுதிவிட்டால் அந்தப் பள்ளியில் காசில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோடு போட்ட நீள நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள், இடப்பக்கம் திருத்தத்துக்கு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதல் வரைவில் சிவப்புப் பேனாவைத் தொடவே கூடாது. ஒற்று விட்டுப்போனதைச் சரிபார்க்கத் திரும்பினால் சொல்ல வந்தது நழுவிவிடும் (தமிழாசிரியர்களுக்கு இது கொஞ்சம் வேதனைதான்). பிறகு ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். குரல் வகுப்பறைக் குரலாக உயரும் இடத்தை அடித்துவிடுங்கள். அங்கே உபதேசம் தொடங்கியிருக்கும்.

நினைவு ஏமாற்றும். 1979இல் நடந்ததாக எழுதும் காட்சியில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தால் ஏதோ ஒன்று தப்பு. அத்திட்டம் 1982இல்தான் வந்தது. மேல்நிலைப் பள்ளி பிளஸ் டூ வந்தது 1978இல். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகளை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்தால் மற்றவை தானாக வரிசைப்படும்.

மாணவர் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், வருஷம், அப்பாவின் தொழில் மூன்றும் இருந்தால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பரீட்சையில் தோற்ற பையனுக்கு இப்போது ஐம்பது வயது. அவன் மகள் வாட்ஸ்அப்பில் படிப்பாள். மூன்றில் ஒன்றையாவது எடுத்துவிடுங்கள்.

தட்டச்சு தெரியாதவர்கள் நோட்டைப் பார்த்து போனில் குரல்வழித் தட்டச்சு செய்யலாம். முற்றுப்புள்ளி விழாது, ல-ள-ழ குழம்பும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் திருத்திக்கொள்ள வேண்டும். கணினியில் அடிப்பவர்கள் பழைய வானவில், பாமினி எழுத்துருக்களை விட்டு யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.