வில்லுக்கு முன்னால் எங்கே உட்காருவது?

குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக் கேட்க அரங்கம் தேடிப் பயனில்லை. கொடை என்னும் கோயில் திருவிழா நடக்கும் இடத்தைத் தேட வேண்டும். கோடை மாதங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் கொடை வரும். நோட்டீஸ் டீக்கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். அதில் ‘வில்லிசை’ என்று போட்டு, எதிரே ஒரு பெயர் இருக்கும். அந்தப் புலவர், அதாவது நடுவில் உட்கார்ந்து கதை பாடுகிறவர், யாரென்று டீக்கடையிலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஏட்டில் எழுதிவைத்த சாமி கதை எல்லோருக்கும் ஒன்றுதான். பாட்டுக்கு நடுவே பேசும் பேச்சும், அந்த ஊருக்கென்று கட்டிச் சேர்க்கும் அடிகளும் புலவரின் சொந்தச் சரக்கு. கச்சேரிக் குரலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மணியும் உடுக்கும் குடமும் சேர்ந்து எழுப்பும் சத்தத்துக்கு மேலே, திறந்த வெளியில், பல மணி நேரம் நிற்க வேண்டிய குரல் அது. கொஞ்சம் கரகரக்கும், உச்சத்தில் கீறும். அந்தக் கீறலில்தான் இசக்கி அழுகிறாள். பக்கப்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் நேரம்தான் புலவருக்கு மூச்சு. ஆண்களே நடுவில் உட்கார்ந்த இந்தக் கலையில் அகஸ்தீஸ்வரம் வட்டாரத்துப் பூங்கனி என்ற பெண், 2018-இல் மறையும்வரை, பெரிய பெயர். ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனும் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர்தான்.

வில் சுமார் 10 அடி நீளம் இருக்கும். தோல் நாண், அதன் கீழே வெண்கல மணிகள், அடிக்க இரண்டு வீசுகோல். வில்லோடு கட்டிய மண்குடத்தின் வாயைக் பத்தியால், அதாவது கமுகம்பாளையில் செய்த மட்டையால், அடிப்பார்கள். மழை ஈரத்தில் தோல் தளர்ந்துபோகும். உடுக்கும் மந்தமாகும், நாணிலிருந்து மணிக்குப் போகும் அதிர்வும் குறையும். சுதி சரியில்லை என்று பாடுகிறவரைக் குறை சொல்லும் முன் வானத்தைப் பாருங்கள்.

உட்கார வேண்டிய இடம், வில்லுக்கு நேர் எதிரே 15, 20 அடி தள்ளி. பெட்டி ஸ்பீக்கர் பக்கம் போனால் மணிச்சத்தம் மட்டுமே மிஞ்சும், சொல் ஒன்றும் பிடிபடாது. ஒலிப்பதிவு செய்பவர்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் கவனமாக இருக்க வேண்டும். கணவாய்க் காற்று மைக்கில் இரைச்சலாகவே பதியும். மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி உட்காரலாம். முப்பந்தல், தோவாளைப் பக்கம் போக நாகர்கோவில் வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறலாம். இரவில் திரும்புவதற்கு மட்டும் முன்பே வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

பலர் செய்யும் தவறு, நடுச்சாமத்துக்குப் போய் இறங்குவது. அப்போது சாமியாட்டம் உச்சத்தில் இருக்கும். வில்லும் சாமியை வரவழைக்க வேகம் பிடித்திருக்கும், நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும். கதை கேட்க வேண்டுமென்றால் தொடக்க வணக்கமான காப்புப் பாடும்போதே பாயில் இடம்பிடிக்க வேண்டும். சாமியாடுகிறவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

முடிவில் வாழி என்னும் வாழ்த்தைப் பாடும்போது எழுந்துவிடாதீர்கள். ஊர், வயல், குளம், கோயில் வரி கொடுத்தவர்கள் என்று புலவர் அடுக்கிக்கொண்டே போவார். எந்த ஏட்டிலும் இல்லாத அடிகள் அங்கேதான் வரும்.