தொட்டிப் பைனின் குளிர்காலம்: நாட்குறிப்பு

அக்டோபர் 19

தொட்டியில் போன்சாயாக, அதாவது குறுமரமாக, நான் வளர்க்கும் ஜப்பானியக் கரும்பைனின் உட்புறக் கொத்துகளில் பழைய ஊசியிலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நடப்பதுதான் என்பதால் இதில் கவலைக்கு இடமில்லை. ஆனால் இந்த ஆண்டு விளைந்த ஊசிகளின் நுனி பழுத்தாலோ, அவற்றில் பட்டை பட்டையாகப் பழுப்பு நிறம் தெரிந்தாலோ, பூஞ்சை நோயா வேர்க்கோளாறா என்று உடனே பார்த்தாக வேண்டும். விரலால் தொட்டதும் கழன்று வருபவற்றை மட்டும் எடுத்துவிட்டு, மண்மேல் விழுந்தவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். உதிர்ந்த ஊசிகள் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல புகலிடம் வேறில்லை.

மண்மேல் வைத்திருந்த உரக்கட்டிகளையும் இன்றே எடுத்துவிட்டேன். குளிர்கால மழையில் அவை கூழாகித் தொட்டியின் மண்கலவையின் இடைவெளிகளை அடைத்துவிடும். வேரோ அப்போது உரத்தை எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்காது.

நவம்பர் 8

முதல் உறைபனி. மரம் வழக்கமான மேடையிலேயே, திறந்த வெளியிலேயே இருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறேன். பகல் குறுகத் தொடங்கும்போதே பைன் குளிருக்குத் தயாராகத் தொடங்குகிறது. அடுத்து உறைநிலைக்குச் சற்று மேலான குளிர், அதன்பின் லேசான உறைபனி என்று படிப்படியாக வந்தால்தான் அந்தத் தயாரிப்பு முழுமையடையும். முதல் பனிக்கே பயந்து மரத்தை மூடி வைப்பவர், அது தாங்கும் வலிமையைப் பெறவேண்டிய வாரங்களை அதனிடமிருந்து பறித்துக்கொள்கிறார்.

வீட்டுக்குள் வைத்தால் என்ன என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. சூடான அறையில் பைனுக்கு உறக்கநிலை கிடைக்காது. வெளிச்சமும் போதாது, காற்றும் வறண்டிருக்கும். சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து நலிந்த துளிர்களை விட்டு, அடுத்த கோடைக்குள் ஓய்ந்துவிடும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் யமாகி குடும்பத்தினர் 1976இல் அளித்த வெண்பைன் ஒன்று இருக்கிறது. 1625 முதல் போன்சாயாகப் பேணப்பட்டு வரும் அம்மரம் 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்கும் தப்பியது. இத்தனை நூற்றாண்டுக் குளிர்காலங்களைத் தொட்டியிலேயே கடந்த மரம் ஒன்று இருக்கும்போது, பைனுக்குக் குளிர் பகை என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 26

இரவில் மண் மேற்பரப்பு இறுகத் தொடங்கியதால் மரத்தை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். குளிர்காலப் பராமரிப்பில் இதைவிட முக்கியமான வேலை வேறில்லை என்பது என் கருத்து. கிளையும் மொட்டும் தாங்கும் குளிரை வேர் தாங்காது. அதிலும் புதிதாக விட்ட இளவேர்கள், முதிர்ந்த வேர்களைவிட மென்மையானவை. நிலத்தில் நிற்கும் பைனின் வேரைச் சுற்றி ஆழமான மண் போர்த்தியிருப்பதால், மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் கீழே வெப்பநிலை மெதுவாகவே இறங்கும். மேடைமேல் இருக்கும் ஆழமற்ற தொட்டியிலோ பக்கவாட்டிலும் அடியிலும் மேலிருந்தும் ஒரே நேரத்தில் குளிர் இறங்குகிறது. ஆகவே ஓர் இனம் இத்தனை டிகிரி வரை தாங்கும் என்று படிக்கும்போது, அது நிலத்தில் வேரூன்றிய மரத்தைப் பற்றிய கணக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சுவரின் நிழற்பக்கமாக, வாடைக்காற்று நேராக மோதாத மூலையைத் தேர்ந்தெடுத்து, தொட்டியின் அடி வெறும் மண்ணில் படியுமாறு வைத்து, விளிம்பு வரை மரப்பட்டைத் துண்டுகளால் மூடினேன். தொட்டிக்கு அடியில் நீர் தேங்காதபடி முதலில் சரளைக்கல் பரப்பியிருக்கிறேன். எலிகள் இந்த மூட்டத்துக்குள் கூடு வைத்து அடிமரத்துப் பட்டையைக் கொறிப்பதுண்டு என்பதால், தண்டைச் சுற்றித் தளர்வாகக் கம்பிவலையும் கட்டினேன். என்னிடமுள்ள மற்ற மரங்களில், குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும் ஸ்காட்ஸ் பைனுக்கும் மூகோ பைனுக்கும் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. காற்று மறைவில் தரையில் வைத்ததோடு விட்டுவிட்டேன்.

டிசம்பர் 5

மேல்மண் காய்ந்தாற்போலத் தெரிந்தது. மூங்கில் குச்சியை உள்ளே செருகி எடுத்தால் கீழ்ப்பாதி கருத்து ஈரமாக வந்தது. நீர் விடவில்லை.

டிசம்பர் 13

நாளை முதல் கடுங்குளிர் என்ற முன்னறிவிப்பு. முற்பகலில், காற்று உறைநிலைக்கு மேலே இருந்தபோதே, அடித்துளை வழியே வழியும் வரை நீர் ஊற்றினேன். குளிர் வரும் முன் நனைப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கிலோ நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. கலவையில் உள்ள நீர் முழுவதும் உறைந்து முடியும் வரை வேர்ப்பகுதி பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். வறண்ட கலவைக்கு இந்தத் தாங்கல் இல்லாததால் அது சட்டென்று கீழே இறங்கிவிடும்.

இதன் மறுபக்கம் தொட்டி. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. நேர்ச்சுவரோ வெளிப்பக்கம் விரிந்த சுவரோ கொண்ட தொட்டியில் அந்த விரிவு மேல்நோக்கிப் போய்விடும். வாய் உள்நோக்கி வளைந்த தொட்டியில் போக்கிடமின்றிச் சுவரைப் பிளக்கும். அதிக வெப்பத்தில் சுட்ட தொட்டிகள் நீரை உறிஞ்சாததால் தாக்குப்பிடிக்கின்றன. கலவையில் சேர்க்கும் அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணையும் இப்படியே, உறைந்து இளகி உறைந்து இளகி மாவாகிறது. பியூமிஸ் என்ற நுரைக்கல்லும் எரிமலைக் கல்லும் கலந்திருந்தால் வடிகால் கெடுவதில்லை.

டிசம்பர் 21

காற்றில்லாத, உறையாத பகல் கிடைத்தது. சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைப் புட்டியில் குறிப்பிட்டுள்ள குளிர்கால அளவுக்கு நீர்த்துத் தெளித்தேன். பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் சிலந்திப்பேன் முட்டைகளுக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் இது பழைய, நம்பகமான மருந்து. கரைசல் மண்ணில் சொட்டாதபடி துணியால் மூடினேன். வேரோடு கூடி வாழும் வெண்ணிறப் பூஞ்சை பைனுக்கு உற்ற துணை, அதைக் கொல்லக்கூடாது. நாற்றத்தைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

ஜனவரி 6

இரவெல்லாம் பனி. கிளைகளில் படிந்திருந்த ஈரப்பனியைக் கீழிருந்து மெல்லத் தட்டி உதிர்த்தேன். மேலிருந்து அழுத்தித் துடைத்தால் உறைந்த கிளை முறிந்துவிடும். தொட்டிமேல் விழுந்ததை அப்படியே விட்டேன். பனியைவிடச் சிறந்த போர்வை வேருக்கு இல்லை. கிளைகளை வளைத்து உருவமைக்கக் கம்பி கட்டும் வேலை, அவை உறைந்திருக்கும் நாட்களில் கிடையாது.

ஜனவரி 19

தெளிந்த வானம், வெயில், வாடைக்காற்று, கல்லாய் இறுகிய மண். பைனுக்கு மிகவும் ஆபத்தான நாள் இப்படித்தான் இருக்கும். ஊசியிலைக்குத் தடித்த மெழுகுப்பூச்சும் உட்குழிந்த இலைத்துளைகளும் இருந்தாலும், வெயிலும் காற்றும் சேர்ந்தால் சிறிதளவு நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். மண்ணில் இருப்பது பனிக்கட்டி என்பதால் வேரால் ஈடுகட்ட முடியாது. குளிரால் இறந்ததாகச் சொல்லப்படும் பைன்களில் பல உண்மையில் தாகத்தால் இறந்தவை. நிழற்பக்கத்தைத் தேர்ந்ததன் பயன் இன்று தெரிகிறது. காற்று வரும் திசையில் சாக்குத்துணியால் ஒரு தட்டியும் கட்டினேன். மரத்தைச் சுற்றி நெகிழித்தாள் போர்த்துவதை நான் ஏற்பதில்லை, வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

பசுமையை நம்பி இருந்துவிடவும் கூடாது. வேர் செத்த பைன் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், பச்சையாகவே நின்று ஏமாற்றும். இன்று மொட்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன்: கரும்பைனின் வெண்பட்டுச் செதில்கள் இறுக்கமாக, சுருக்கமின்றி ஒட்டியிருக்கின்றன. ஊசியை வளைத்தால் துள்ளித் திரும்புகிறது. ஸ்காட்ஸ் பைன் மட்டும் மஞ்சள் பாய்ந்திருக்கிறது. கடுங்குளிரில் மிகையான ஒளியைச் சமாளிக்க அது மேற்கொள்ளும் வழி அது, இளவேனிலில் பசுமை திரும்பிவிடும்.

பிப்ரவரி 10

சில நாட்களாக இதமான வெயில். மரத்தை வெளியே இழுத்து வெயில் காட்ட ஆசை வருகிறது, நான் அசைக்கவில்லை. குளிருக்குப் பழக வாரங்கள் எடுத்துக்கொண்ட மரம், அந்தப் பழக்கத்தைச் சில வெப்ப நாட்களிலேயே இழக்கத் தொடங்கும். அதன்பின் வரும் குளிர், ஜனவரியில் எளிதாகத் தாங்கிய அளவே ஆனாலும், கேடு செய்யும். எனவே பட்டைமூட்டத்தைக் கலைக்காமல், நிழலிலேயே, குளிர்ச்சி குலையாதபடி வைத்திருக்கிறேன். மண் இளகியிருப்பதால் நீர் மட்டும் விட்டேன்.

மார்ச் 9

மொட்டுகள் நீளத் தொடங்கியிருக்கின்றன. பட்டைமூட்டத்தில் பாதியை எடுத்தேன். மீதியை அடுத்த வாரம் எடுத்துவிட்டு மேடைக்கு ஏற்றுவேன். தொட்டி மாற்ற ஏற்ற பருவம் இதுவே, ஆனால் ஊற்றிய நீர் தேங்காமல் உடனே இறங்குகிறது என்பதால் கரும்பைனின் வேரை இந்த ஆண்டு தொடப்போவதில்லை. என்னிடமுள்ள வெண்பைனுக்குத் தொட்டி மாற்றியாக வேண்டும். வெட்டிய வேர் உறைபனியைத் தாங்காது; ஆகையால் புதுத்தொட்டியில் நட்டபின், பனி விழும் இரவுகளில் அதை வெப்பமூட்டாத கொட்டகைக்குள் வைத்து, பகலில் மீண்டும் வெளியே கொண்டுவர வேண்டும்.