சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் (குரூஸ்) ஏறுபவர்களுக்கு

முதலில் டிக்கெட்டில் எந்த முனையம் என்று பாருங்கள். மரினா பே குரூஸ் சென்டர் வேறு, ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் வேறு. டாக்ஸியில் வெறும் "குரூஸ் சென்டர்" என்று சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரிடும். மரினா பே குரூஸ் சென்டருக்கு ரயிலில் போவதானால் இறங்க வேண்டியது மரினா சவுத் பியர் நிலையம்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் வந்து இறங்கும் விமானத்தை நம்பாதீர்கள். பயணிகள் பட்டியலைக் குடிநுழைவுத் துறைக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதால், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே செக்-இன் மூடிவிடும். முந்தைய நாளே போய்விடுவது நல்லது. திரும்பும் நாளிலும் மதியத்துக்குப் பிந்தைய விமானமே பாதுகாப்பு.

மலேசியத் துறைமுகங்களான பினாங்கு, போர்ட் கிளாங் போய்விட்டு வருவது சிங்கப்பூருக்குள் மறுநுழைவு. விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கட்டாயம் பாருங்கள்.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண பயணக் காப்பீடு சிலவற்றில் கப்பல் பயணம் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. கப்பல் தொடும் எல்லா நாடுகளும் அதில் அடங்க வேண்டும். அவசர மருத்துவ இடமாற்றம், விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிடுதல், இந்த இரண்டும் இல்லாத பாலிசி வேண்டாம். கப்பல் மருத்துவரின் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். கட்டிவிட்டுப் பிறகுதான் கிளெய்ம் செய்ய முடியும். அதனால் ரசீதும் மருத்துவக் குறிப்பும் இறங்குவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். முன்பணம் கட்டியதுமே பாலிசி எடுங்கள். எடுப்பதற்கு முன்பு வந்த நோய்க்காகப் பயணத்தை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.