குடல் ரீபெர்ஃப்யூஷன் கேள்வி வந்தால் முதலில் நேரக்கோடு போடுங்க

ரிசல்ட் வந்தாச்சு, பாஸ். எம்.டி. பயோகெமிஸ்ட்ரி ஒருவழியா முடிஞ்சது. ஜூனியர்களுக்காக ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுறேன்: குடலுக்கு ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு (இதுதான் ரீபெர்ஃப்யூஷன்) ரத்தத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும் (தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதல்) அதைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டும் என்ன ஆகின்றன? மற்றதுக்கெல்லாம் வழிகாட்ட ஆள் நிறைய இருக்காங்க.

எஸ்ஓடி (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்), கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளைப் பட்டியல் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிடாதீங்க. பேனா எடுத்ததும் குறுக்கே ஒரு கோடு. இடப்பக்கம் அடைப்பு, வலப்பக்கம் திறப்பு. கோட்டுக்கு மேலே குடல் சுவர், கீழே ரத்தம். கையெழுத்து அழகா இருக்கிறவங்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். எனக்கு இதுதான் சோறு போட்டது.

மேல்பாதி சுலபம். அடைப்பில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சிதைந்து ஹைப்போசாந்தின் சேருது. சாந்தின் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி சாந்தின் ஆக்சிடேஸா மாறுது. ஆக்சிஜன் திரும்பினதும் அந்த நொதி ஹைப்போசாந்தினை வைத்து சூப்பராக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் மூலக்கூறைக் கக்குது. பூனைக் குடலில் எஸ்ஓடி கொடுத்து கிரேஞ்சர், ருட்டிலி, மெக்கார்டு 1981-ல் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிடுங்க. அதைவிட முக்கியம் பார்க்ஸ், கிரேஞ்சர் 1986: 4 மணி நேரம் அடைத்தே வைத்த குடலைவிட, 3 மணி நேரம் அடைத்து 1 மணி நேரம் திறந்துவிட்ட குடலில்தான் சேதம் அதிகம். திறப்பதே தனிக் காயம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கீழ்பாதியில்தான் மாட்டுவீங்க. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல், அதாவது வெளித்தேர்வாளர், கேட்டார்: "டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் கெபாசிட்டி கூடியிருக்கும்மா. அப்போ பேஷன்ட் தேறிட்டாரா?"

"இல்ல சார். சாந்தின் ஆக்சிடேஸ் கடைசியா யூரிக் அமிலத்தைத்தான் தருது. ஃப்ராப் மாதிரி மொத்த ஆன்டிஆக்சிடன்ட் அளக்கிற டெஸ்டில் பெரும்பங்கு யூரிக் அமிலத்தோடது. அதைத் தனியா அளந்து பார்க்காம, பாதுகாப்பு கூடிடுச்சுன்னு சொல்ல முடியாது."

"ம்" என்றார். அந்த "ம்"தான் என்னை பாஸ் போட வைத்தது என்று இன்னமும் நம்புறேன்.

மிச்சம் சில:

- ஹீமோலைஸ் ஆன (சிவப்பணு உடைந்த) சாம்பிளை வைத்து எதுவும் பேசாதீங்க. சிவப்பணுவுக்குள் இருக்கும் எஸ்ஓடியும் கேட்டலேஸும் பிளாஸ்மாவில் கொட்டி, இல்லாத உயர்வைக் காட்டும். கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் எம்டிஏவை 532 நானோமீட்டரில் படிக்கும்போதும் ஹீமோகுளோபின் தொல்லை உண்டு.
- போர்ட்டல் ரத்தமா (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போவது), கைச் சிரை ரத்தமா? எழுதுங்க. நடுவில் கல்லீரல் இருக்கு.
- குடல் சுவரின் சேதத்தை மைக்ரோஸ்கோப்பில் மதிப்பிடும் சியு ஸ்கோர், 0 முதல் 5 வரை. ரத்த அளவைத் திசுவோடு சேர்த்துப் பேச இது வேணும்.
- எலியில் பலித்ததை எல்லாம் வார்டில் பலித்த மாதிரி எழுதாதீங்க.
- குரூப் ஸ்டடி வேண்டாம். நாலு பேர் பேசினால் கோடு நேரா வராது.
- அலோபியூரினால் (சாந்தின் ஆக்சிடேஸைத் தடுக்கும் மருந்து) கொடுத்த குழுவில் ஃப்ராப் குறைந்திருக்கிற மாதிரி டேபிள் நீட்டினால் பதறாதீங்க. அதே யூரிக் அமிலக் கணக்குதான், தலைகீழா.