சங்கு முத்திரையும் இரண்டு மெகாபைட்டும்

செங்கோட்டையில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஊர் வரலாற்றுக்கென்று, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஒரு தளம் நடத்துகிறோம். 1956 நவம்பர் 1 அன்றுதான் எங்கள் ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய, சங்கு முத்திரை குத்திய திருவிதாங்கூர்க் காலத்து மலையாளப் பத்திரங்கள் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. போதாததற்கு, புனலூர் பாதையில் 2010-இல் நின்றுபோன மீட்டர்கேஜ் ரயிலின் படங்கள் வேறு.

முதல் தடை பிஎச்பி, மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி. அதன் இயல்பான பதிவேற்ற வரம்பு 2 மெகாபைட். கைபேசிப் படமோ நாலைந்து மெகாபைட். வரம்பை 20 ஆக்கினேன். படிவம் முழுமைக்கும் 8 மெகாபைட் என்று இன்னொரு வரம்பு இருப்பதை மறந்ததில் ஒரு மாலை போயிற்று.

கதவைத் திறந்ததும் எல்லோரும் அள்ளிக் கொட்டினார்கள். வாடகை சர்வரில் இடம் நிறைந்தது. கட்டளை தட்டிப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளைக் கொண்டு படங்களைச் சுருக்கப் புறப்பட்டேன். ‘2000 புள்ளிக்கு மேல் இருந்தால் மட்டும் குறை’ என்பதற்கு, அளவை அடுத்து ஒரு ‘>’ குறி போட வேண்டும். அதை மேற்கோளுக்குள் வைக்கவில்லை. ‘வெளியீட்டை இந்தக் கோப்பில் கொட்டு’ என்று, கட்டளை தட்டும் டெர்மினல் புரிந்துகொண்டு, வரிசையாக வந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தது. நல்லவேளை, அவை என் கணினியில் இருந்த பிரதிகள்.

இரண்டாம் சுற்றில் படங்கள் ஒழுங்காகச் சுருங்கின. ஆனால் படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் கூடுதல் தகவல்களை நீக்கும் கட்டளையையும் சேர்த்திருந்தேன். எடுத்த தேதி போயிற்று. படம் எந்தப் பக்கம் நிமிர வேண்டும் என்ற குறிப்பும் போயிற்று. புனலூர் பாதையின் பதிமூன்று கண் பாலத்தின் தூண் ஒன்று படுத்துக் கிடந்தது. வரலாற்றுத் தளத்தில் தேதியை அழித்தவனை என்ன சொல்வது! அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

சுருக்கியவற்றைப் பழைய பெயரிலேயே ஏற்றினேன். இடம் குறையவில்லை, கூடியது! விக்கி எதையும் தூக்கி எறியாது. பழைய பதிப்பைத் தனி அடைவில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கியவற்றையும் துடைக்கும் பராமரிப்பு நிரலை ஓட்டிய பிறகே இடம் திரும்பியது. ஏற்றுவதற்கு முன்பே சுருக்கியிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

பத்திரங்களில் சிக்கல் வேறு. “படமே தெரியவில்லையே தம்பி, பத்திரத்தைத் தொலைத்துவிட்டாயா?” என்று ஃபோனில் கேட்டார், பத்திரங்களைக் கொடுத்த அண்ணாச்சி. பத்திரங்களைத் தரம் குறையாத பிஎன்ஜி வகைக் கோப்பாக வைத்திருந்தேன். ஏ4 தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 4960 × 7016, ஏறக்குறைய மூன்றரைக் கோடி புள்ளிகள். மீடியாவிக்கியின் இயல்பு வரம்போ ஒன்றேகால் கோடி; அதற்கு மேல் போனால் பிஎன்ஜிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டிய சிறுபடத்தை உருவாக்காது. கைபேசிப் படங்களின் வகையான ஜேபெக்கை இமேஜ்மேஜிக் படிக்கும்போதே சுருக்கிக்கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும் விலக்கு. பிஎன்ஜியை முழுவதும் நினைவகத்தில் விரித்தாக வேண்டும்.

ஜேபெக்காக மாற்றிப் பார்த்தேன். மங்கிய மலையாள எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆனது; சங்கு முத்திரையின் வரிகள் கரைந்தன. ரயில் படங்களுக்கு ஜேபெக் சரி, பத்திரத்துக்கு ஆகாது. 300 டிபிஐக்கு இறங்கி பிஎன்ஜியாகவே வைத்தேன்: 87 லட்சம் புள்ளிகள், சிறுபடம் வந்தது, சங்கும் தெரிந்தது.

அண்ணாச்சி அடுத்த வாரம் இன்னொரு பெட்டி கொண்டுவருகிறார். ஸ்கேனரை இப்போதே 300-இல் வைத்துவிட்டேன்.